கை பழகாமல் ஊசி மாறாது

பச்சிளங்குழந்தைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் இதை எழுதுகிறேன். முக்கியமாக, "சேஃப்டி ஊசி வந்திருக்கு, எல்லாரையும் நீதாம்மா பழக்கணும்" என்று பொறுப்பு தலையில் கட்டப்பட்டவர்களுக்கு. வார்மர் பக்கத்தில் நின்றே உத்தியோக காலத்தைக் கழித்தவள் நான். சேஃப்டி ஊசியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் முனை தானாக மூடிக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு பட்டனைத் தட்டினால் உறைக்குள் போய்விடும். பெரியவர்கள் வார்டில் இதைக் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. நம் பிரிவில்தான் முரண்டு அதிகம். அந்த முரண்டில் நியாயமும் இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் சுவரில் போஸ்டர் ஒட்டிப் பயனில்லை.

1. "பச்சைக் குழந்தையோட ரத்தம்தானே, என்ன வந்துடப் போகுது?" என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பில் பூசியிருப்பதில் பாதி அம்மாவின் ரத்தம். உள்ளே ஓடுவதும் அம்மாவின் கதையைச் சுமந்தே வருகிறது. ஹெபடைடிஸ் பி உள்ள அம்மாவுக்கு இ-ஆன்டிஜெனும் பாசிட்டிவாக இருந்து, குழந்தைக்குத் தடுப்பு எதுவும் போடாமல் விட்டால், பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை தொற்று வாங்கிவிடும். தடுப்பூசி போடாத ஒரு நர்ஸை அந்த வைரஸ் உள்ள ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி. என்றால் 1000-க்கு 3. ஹெபடைடிஸ் சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. இதை ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் சொல்லிப் பயமுறுத்தினால் கை நடுங்கும், நரம்பு தவறும், குழந்தைக்கு இன்னொரு குத்து விழும்.

2. "நம்மகிட்டதான் ஏற்கெனவே சேஃப்டி சிரிஞ்ச் இருக்கே" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது தடுப்பூசி போடும் ஏ.டி. சிரிஞ்ச். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க முடியாது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதைக் கொண்டுவரப்போவதாக அரசு 2005-லேயே அறிவித்தது. நல்ல பொருள்தான். ஆனால் அது காப்பாற்றுவது அடுத்த குழந்தையை, உங்களை அல்ல. பி.சி.ஜி. போட்டு முடித்த பிறகும் அதன் முனை திறந்தேதான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை இண்டென்ட் எழுதுபவருக்கும் ஸ்டோர் பார்மசிஸ்ட்டுக்கும் பொறுமையாக விளக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டது ஒன்று, வந்து இறங்குவது வேறொன்றாக இருக்கும்.

3. எதில் ஆரம்பிப்பது? குதிகாலில். எல்லோரும் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் கேனுலாவை மாற்றுவது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. அங்கே தோற்றால் மற்றதெல்லாம் கூடவே தோற்கும்.

சர்க்கரை உள்ள அம்மாவின் குழந்தைக்கு ஒரே நாளில் எத்தனை முறை சுகர் பார்க்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பல வார்டுகளில் இன்றும் அதற்கு எடுப்பது 26 கேஜ் அரை அங்குல ஊசி. நீளம் 13 மில்லிமீட்டர். குதிகாலில் 2.4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு; அதற்குக் கீழே எலும்பு. அதாவது எவ்வளவு ஆழம் போகிறது என்பதை அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒரு நைட் டியூட்டி நர்ஸின் விரல் முடிவு செய்கிறது. தானே உள்வாங்கும் லான்செட்டில் அந்த முடிவை ஸ்பிரிங் எடுத்துக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கு 0.85 மில்லிமீட்டர், நிறைமாதத்துக்கு 1 மில்லிமீட்டர் என்று அளந்து செய்தவை கிடைக்கின்றன. தட்டினால் பிளேடு வெளியே வந்து வெட்டிவிட்டு உள்ளே போய்விடும், இரண்டாம் முறை வராது. குழந்தைக்கு வலி குறைவு, உங்களுக்கு முனை இல்லை. இந்த மாற்றத்தில் யாருக்கும் நஷ்டம் கிடையாது.

"ரத்தமே வர மாட்டேங்குது அக்கா" என்று முதல் வாரத்தில் புகார் வரும். போய்ப் பார்த்தால் பாதம் சில்லென்று இருக்கும், அல்லது லான்செட்டைத் தோலில் படியவைக்காமல் மேலாக வைத்துத் தட்டியிருப்பார்கள். பாதத்தைச் சூடாக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலின் வெளி ஓரத்திலோ உள் ஓரத்திலோ வைக்கச் சொல்லுங்கள். பின்பக்க வளைவில் வேண்டவே வேண்டாம். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுக்க வேண்டும், பிதுக்கக் கூடாது. இன்னொன்று: ஸ்டோரிலிருந்து பெரியவர்களின் விரலுக்கான லான்செட் வந்துவிடும். அட்டையில் ஆழத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

4. அடுத்தது தொடை ஊசி. பிறந்ததும் போடும் வைட்டமின் கே, 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி. நரம்பு தேடும் வேலை இதில் இல்லை. ஊசியோடு சேர்ந்த மூடியை ஒரே விரலால் தள்ளி மூடும் வகை இங்கே போதும். லேபர் வார்டு ஆட்களையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போடுவது அவர்கள்தான்.

5. இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். ஹப் உடைத்த ஊசி.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடும். ஊசியை மூடியோடு பிடித்து, பிளாஸ்டிக் ஹப்பை அப்படியும் இப்படியும் ஆட்டி உடைத்துவிட்டு, வெறும் உலோகக் குழாயை மட்டும் எடுத்துக் குழந்தையின் புறங்கை நரம்பில் நுழைப்பது. மறுமுனையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக வயலில் விழும். எதற்கு இந்த வேலை என்றால், சிரிஞ்சால் இழுத்தால் அந்த மெல்லிய நரம்பு ஒட்டிக்கொள்ளும். ஹப்பில் தேங்கும் ரத்தம் உறைந்துவிடும். இழுத்த வேகத்தில் அணுக்கள் உடைந்து, பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 80-லிருந்து 100 மில்லிதான் ரத்தம். வீணாகும் ஒவ்வொரு சொட்டும் கணக்கில் சேரும். இப்படி யோசித்து, கையில் இருந்ததை வைத்து வழி கண்டுபிடித்தவர்களை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்த உலோகத் துண்டைப் பாருங்கள். பிடிக்க இடம் இல்லை. ஒரு பக்கம் கூர்முனை, மறு பக்கம் உடைந்த விளிம்பு, நடுவில் வழுக்கும் ரத்தம். வேலை முடிந்து துணியில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. குழந்தையின் முதுகுக்கடியிலேயே கிடக்கலாம். எந்த மூடியையும் இதன்மேல் பொருத்த முடியாது. எனவே இதற்கு மாற்று கொடுக்காமல் "உடைக்காதே" என்று மட்டும் சொன்னால், உங்கள் முன்னால் உடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சொட்டவிட்டு எடுப்பதற்கென்றே சிறு கைப்பிடியோடு செய்த ஊசிகள் உண்டு. மூடிக்கொள்ளும் பட்டர்ஃப்ளை ஊசிகளும் உண்டு. ஒரு டப்பாவாவது வாங்கி ட்ரேயில் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

6. கேனுலா. இதைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பதற்குக் காரணம், இங்கே நாம் மாற்றச் சொல்வது பொருளை அல்ல, விரலின் பழக்கத்தை. 24 மஞ்சள், 26 ஊதா. ஒரு கிலோ குழந்தையின் புறங்கை நம் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குச் சற்று மேல். அதில் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் நீலக் கோட்டில் ஏறும்போது, "உள்ளே போச்சு" என்று சொல்வது கண் அல்ல, விரல். பல வருடமாக ஒரே எடை, ஒரே நீளம் பழகிய விரல் அது. சேஃப்டி கேனுலாவுக்குப் பின்பாரம் அதிகம். பழைய இடத்தில் பிடித்தால் முனை மேலே தூக்கும். கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் நாள் அடுப்பு பற்றவைப்பது மாதிரி: சமையல் தெரியும், தீ தெரியாது.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில. பிடியைப் புதிய பாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தோலோடு கிட்டத்தட்டப் படுத்த மாதிரி, 10-15 டிகிரியில் போங்கள். குறைமாதக் குழந்தைக்கு அழுத்தம் குறைவு, ஃப்ளாஷ் மெதுவாகத்தான் வரும். வரவில்லை என்று உடனே முன்னே தள்ளினால் பின்சுவரைத் துளைத்துவிடுவீர்கள். பட்டன் வகையில், பிளாஸ்டிக் குழாய் முழுவதும் உள்ளே போன பிறகுதான் பட்டனைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் ஊசி உறைக்குள் ஓடிவிடும், அந்த முயற்சி போச்சு. ஸ்பிரிங் துள்ளலில் நரம்பு கிழிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களிடம், இடதுகை விரலால் ஹப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டச் சொல்லுங்கள், ஒன்றும் அசையாது. கிளிப் வகையில் தட்டவே வேண்டாம், ஊசியை உருவும்போது முனையில் கிளிப் தானே மாட்டிக்கொள்ளும். கடைசியில் லேசாக ஒரு பிடிப்பு தெரியும். அதைத் தடை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், கிளிப்பைச் சொல்வேன். மறக்க வழியில்லாதது அதுதான். குழந்தை வீறிட்டு அழுது, சாச்சுரேஷன் இறங்கி, மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது பட்டன் நினைவுக்கு வராது.

உருவிய ஸ்டைலெட்டை மறுபடி குழாய்க்குள் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. எந்தக் கேனுலாவிலும் அது கூடாது. பிளாஸ்டிக் முனை அறுபட்டு நரம்புக்குள் போய்விடலாம். சேஃப்டி வகையில் அது முடியவே முடியாது என்பதால் "இது சரியில்லை" என்பார்கள். அது சரியாக இருப்பதன் அடையாளமே அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

7. விபத்து எந்த நொடியில் நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நுழைக்கும்போது அபூர்வம். கேனுலா ஏறியாகிவிட்டது, இடதுகையால் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறோம், வலதுகையில் ரத்தம் படிந்த ஸ்டைலெட். இப்போது பிளாஸ்டர் வேண்டும். ஸ்டைலெட்டை எங்கே வைப்பது? மெத்தையில்தான். அங்கிருந்துதான் நமக்கோ, பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளருக்கோ, ஸ்பிளின்ட் கட்டுபவருக்கோ குத்துகிறது. பிளாஸ்டரை முன்கூட்டியே வெட்டி வார்மர் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். வெள்ளை ஷார்ப்ஸ் டப்பா, நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள். சேஃப்டி ஊசி வந்தாலும் இவை மாறாது.

8. ரத்தம் பின்னால் ஒழுகாமல் தடுக்கும் வால்வு வைத்த கேனுலாக்களும் வருகின்றன. விற்க வருபவர் அதைத்தான் பெருமையாகக் காட்டுவார். நம் பிரிவில் லைன் போடும்போதே ஹப்பிலிருந்து சொட்டவிட்டு சி.ஆர்.பி.-க்கும் கல்ச்சருக்கும் சாம்பிள் எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறதல்லவா? வால்வு இருந்தால் அது நடக்காது. குழந்தைக்கு இரண்டாவது குத்து விழும், மறுநாளே எல்லோரும் பழைய கேனுலாவைத் தேடுவார்கள். வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

9. முதல் பெட்டி வந்ததும் புதியவர்களிடம் கொடுக்காதீர்கள். வார்டிலேயே நல்ல கை யாருடையதோ, யாருக்கும் லைன் கிடைக்காதபோது நடு ராத்திரியில் யாரைக் கூப்பிடுகிறோமோ, அவரிடம் கொடுங்கள். புதியவள் தவறவிட்டால் பழி கேனுலாவுக்குப் போகும். அவர் "பரவாயில்ல, வருது" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது. முதலில் மாடலில் பழகட்டும். அப்புறம் நன்றாக வளர்ந்த நிறைமாதக் குழந்தையில். 900 கிராம் குழந்தையில் பரீட்சை வேண்டாம். ஆரம்பத்தில் தவறுவதைக் கணக்கில் எழுத மாட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

10. அவர் முகம் சுளித்தால் எதிர்த்துப் பேசாதீர்கள். "எங்க இடிக்குது அக்கா?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "ஃப்ளாஷ் தெரியல" என்பதும் "விங் இல்ல, பிளாஸ்டர் நிக்க மாட்டேங்குது" என்பதும் வேறு வேறு நோய்கள். வேறு வேறு கம்பெனிப் பொருளில் தீரலாம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் வந்தபோது, எந்தக் கருவியை வாங்குவது என்பதில் அதை நேரடியாகக் கையாளும் ஊழியர்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்த வரி அதுதான். ஆபீஸ் அறையில் மேசைமேல் வைத்துத் தேர்ந்தெடுத்த கேனுலா வார்மரில் தோற்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

11. மாறுவது என்று முடிவான நாளில் பழையதை ட்ரேயிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை பழையதைத்தான் எடுக்கும். அதற்காக வார்டை விட்டே துரத்தவும் வேண்டாம். கொஞ்சம் ஊதா கேனுலா இன்சார்ஜ் சிஸ்டர் அலமாரியில் இருக்கட்டும். கேட்பவருக்கு மறுக்காமல் கொடுத்து, காரணத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை எதை வாங்குவது என்று அந்த நோட்டே சொல்லும்.

12. கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைக் கிழித்துவிட்டு நரம்பு தடவுகிறோமே, அந்த நுனிதான் ஊசி முனைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. கையுறை ஊசியைத் தடுக்காது, ஆனால் ஊசியின்மேல் இருக்கும் ரத்தத்தில் கொஞ்சத்தைத் துடைத்துவிடும். கிழிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். ஆறரைக் கைக்கு ஏழரை கையுறை கொடுத்தால் யார்தான் கிழிக்க மாட்டார்கள்? சிறிய அளவு கேட்டு இண்டென்ட் போடுங்கள்.

13. பயிற்சிக்குக் கூப்பிடும்போது தூய்மைப் பணியாளர்களை விட்டுவிடாதீர்கள். துணி மூட்டையில் கிடக்கும் ஊசி குத்துவது அவர்களை. மூடிக்கொண்ட ஊசி எப்படி இருக்கும், மூடாதது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தால், எந்த ஷிஃப்டில் யார் மூடாமல் போடுகிறார்கள் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்தத் தணிக்கைக் குழுவும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

14. பணம். "ஒன்று இத்தனை ரூபாய் அதிகம்" என்று ஃபைல் திரும்பி வரும். கருவிக் கணக்கோடு ஊசிக்குத்தின் கணக்கையும் சேர்த்து வையுங்கள்: 28 நாள் மருந்து, 6 மாதம் வரை திரும்பத் திரும்பப் பரிசோதனை, விடுப்பு, அந்த ஷிஃப்டுக்கு மாற்று ஆள். சேஃப்டி ஊசிதான் வாங்க வேண்டும் என்று நம்மிடம் அமெரிக்கா மாதிரித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2017-ன் எச்.ஐ.வி. சட்டம், தொற்று அபாயம் உள்ள மருத்துவமனைகள் ஊழியர்களுக்குப் பாதுகாப்பான பணிச்சூழலையும் குத்துக்குப் பிந்தைய மருந்தையும் தர வேண்டும் என்கிறது. 2016-ன் மருத்துவக் கழிவு விதிகள், ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்கின்றன. கடிதத்தில் இவற்றைக் குறிப்பிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் டி.என்.எம்.எஸ்.சி. பட்டியலில் எந்த அளவு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 20, 22 கேஜில் சேஃப்டி வகை இருந்தாலும், நமக்கு வேண்டிய 26-ல் இல்லாமல் போகலாம். சில கம்பெனிகள் 24-ஐ விட மெல்லிய அளவில் அதைச் செய்வதே இல்லை. தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி வந்த பிறகே மாற்றத்தை ஆரம்பியுங்கள். மூன்று மாதம் வந்துவிட்டு நின்றுபோனால் மறுபடி யாரும் உங்களை நம்ப மாட்டார்கள்.

15. இத்தனைக்குப் பிறகும் குத்தும். குத்தினால் பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். கையிலிருக்கும் குழந்தையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து முடிந்தால் 2 மணி நேரத்துக்குள். 72 மணி தாண்டினால் பயனில்லை. அந்த மருந்து எந்த அலமாரியில், ராத்திரியில் சாவி யாரிடம் என்பதை இன்றைக்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் பிரிவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழந்தையின் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தால் தெரிவது அம்மாவின் ஆன்டிபாடி. எனவே பரிசோதிக்க வேண்டியது அம்மாவை, அவரது சம்மதத்தோடு. பிரசவத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட் தாய்-சேய் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்பார்ன் குழந்தை என்றால் அம்மா வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருப்பார். கூட வந்திருப்பது அப்பாவோ பாட்டியோ. அவர்களுக்கு அந்த ரிப்போர்ட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது, தெரியக் கூடாததும் அதில் இருக்கலாம். அட்மிஷன் போடும்போதே அம்மா இருக்கும் வார்டின் போன் நம்பரை வாங்கி கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். குத்திய பிறகு தேடினால் 2 மணி நேரம் அதிலேயே போய்விடும்.

16. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டாயிற்று என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கடைசி டோஸ் போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் சரி. இல்லையென்றால் மறுபடி போட வேண்டும். அந்த ரிசல்ட்டை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குத்திய ராத்திரியில் கேஷுவால்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.